மாத்திரை வாங்க வரும் நாளிலேயே பரிசோதனையும் செய்யுங்கள்

எங்கள் மாவட்டத்தின் மருத்துவத் துறை, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

“கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவைப்படுவோர் தங்கள் பகுதியில் நடைபெறும் வழக்கமான முகாம்களில் கலந்துகொண்டு பயன்பெறலாம்.” எங்கள் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் இந்த ஒரு வரிதான். இதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் மாத்திரை வாங்கும் பெண்களில் நானும் ஒருத்தி. காரைக்குடிப் பக்கம் பலகாரம் போடும் இடத்தில் வேலை பார்க்கிறேன். பெயரும் தெருவும் எழுதவில்லை. செட்டிநாட்டில் தெருப் பெயரைச் சொன்னாலே போதும், இன்னார் மகள், இன்ன வீட்டில் வாக்கப்பட்டவள் என்பதுவரை யாராவது எடுத்துச் சொல்லிவிடுவார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அது உங்களோடு இருக்கட்டும்.

நாங்கள் முகாம் கேட்கவில்லை. மாத்திரை வாங்க வரும் மையத்திலேயே, வருகிற நாளிலேயே, கர்ப்பப்பை வாயைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், திரை போட்ட ஓர் அறையும் கேட்டோம். அதற்குத்தான் முகாமுக்குப் போகச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. முகாம் எங்களுக்கு ஏன் சரிப்படாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முகாம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும், இல்லையென்றால் சமுதாயக் கூடத்தில். பேர் எழுதுகிறவர் பெரும்பாலும் எங்கள் தெருக்காரராகத்தான் இருப்பார். “சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டுத்தான் சீட்டு எழுதுவார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் என் நாத்தனார் நிற்கிறார். நான் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லாமல் பரிசோதனை செய்துகொண்டால், “ஒண்ணும் இல்லை, அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஐந்து வருஷக் கணக்கு எச்.ஐ.வி. இல்லாத பெண்ணுக்குப் போட்டது. எங்களுக்கு அது பொருந்தாது.

பொருந்தாது என்பதை நானாகச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. மற்றப் பெண்களுக்கு 30 வயதில் பரிசோதனை தொடங்கினால் போதும். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு 25லேயே தொடங்க வேண்டும். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை என்றால் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும், அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது, செல்களைச் சுரண்டியெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் போன்ற முறை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். நம் நாட்டின் பொதுத் திட்டமோ 30 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிறது. பொதுப் பெண்களுக்கு அது இருக்கட்டும். எங்களையும் அதற்குள் தள்ளிவிட்டு “கலந்துகொண்டு பயன்பெறலாம்” என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

இந்த மனு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த தேவகோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர் போன ஆண்டு இறந்துபோனார். கல்யாண வீட்டுச் சமையலுக்குத் துணை வேலைக்குப் போகிறவர். லாரி ஓட்டிய கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது, எங்களில் பல பேருக்குத் தெரியவந்ததைப் போலவே. அன்றிலிருந்து கடைசிவரை அவர் மாத்திரையைத் தவறவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் வைரல் லோடு அறிக்கையில் ஒவ்வொரு முறையும் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது வைரஸ் தென்படவில்லை என்றே வரும். மையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவரைத்தான் காட்டுவார்கள். முதல் தடவை வந்து சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏத்தா, அழுது முடிச்சிட்டு வா, டீ குடிப்போம்” என்றவரும் அவர்தான்.

அவருக்குத் தீட்டு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு மறுபடியும் பட ஆரம்பித்தது. “நிக்கிற வயசுல அப்படி இப்படித்தான் இருக்கும்” என்றார்கள் அக்கம்பக்கத்தில். பிறகு நாற்றத்தோடு வெள்ளைபடுதல். பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து வைத்துக்கொள்வார். அந்தத் துணியை யாரும் பார்க்காத நேரத்தில், வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் அலசி, மாட்டுக் கொட்டகைக்குள் காயப்போடுவார். வருஷம் தவறாமல் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசி, பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறவர், அதையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு “முடியலத்தா” என்று மட்டும் சொன்னார். வெள்ளைபடுதலுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே பார்க்கவில்லை.

அந்தக் காலம் முழுவதும் அவர் எங்கள் மையத்துக்கு வந்துகொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் எடை பார்த்தார்கள். காசநோய் வந்திருக்கிறதா என்று அறிய நாலு கேள்வி கேட்டார்கள்: இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சிருக்கா, ராத்திரி வேர்த்துக் கொட்டுதா. நாலுக்கும் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை. ஐந்தாவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இடுப்பு வலி வந்து, ஒரு கால் வீங்கி, மூத்திரம் குறைந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குள் புற்று கர்ப்பப்பை வாயைத் தாண்டி இடுப்புச் சுவர்வரை போய், சிறுநீர்க் குழாயையும் அடைத்துவிட்டது. மூன்றாம் நிலை என்றார்கள். வெளியூரில் தங்கி வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. சிகிச்சைச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. தங்கவும் சாப்பிடவும், கூட இருந்த மகள் வேலையை விட்டதற்கும் எந்தத் திட்டமும் இல்லை. ஒரு நாள் போனில், “எச்.ஐ.வி.யை ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்த்தா” என்றார். அதன் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை.

நான் இதை எழுதுவது மாத்திரை கொடுக்கும் அக்காமார் மேலோ கவுன்சிலர் மேலோ குறை சொல்ல இல்லை. அவர்களிடம் இருக்கிற பதிவேட்டில் இந்தப் பரிசோதனைக்கென்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. கணக்குக் கேட்காத வேலை எந்த அலுவலகத்திலும் நடக்காது. கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. இதை எங்களுக்கு ஆலோசனை அறையில் யாரும் சொன்னதில்லை. கூட்டங்களுக்குப் போய், படித்த தோழிகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் அது தங்கிவிடுகிறது. சாதாரணமாக, மாறிய செல்கள் புற்றாக 15 முதல் 20 ஆண்டுவரை ஆகும். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ள உடம்பில் 5 முதல் 10 ஆண்டே போதும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆபத்து குறைகிறது, முழுவதும் போய்விடுவதில்லை. எங்களில் நிறையப் பேர் மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் பல வருஷம் நோய் இருப்பது தெரியாமலே இருந்தவர்கள். கணவர் இறந்து எத்தனை காலம் ஆனாலும், அப்போது வந்து தங்கிய வைரஸ் இப்போது வேலை காட்டும். “நமக்கெல்லாம் இனி எதுக்கு?” என்று கைம்பெண்கள் ஒதுங்கிப்போவது இது தெரியாமல்தான். அக்காவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993லேயே இந்தப் புற்றுநோயை எய்ட்ஸ் நிலையைக் காட்டும் நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் சிகிச்சை வழிகாட்டு நூலும் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைச் சொல்கிறது. நூலில் இருப்பது எங்கள் மேசைவரை வந்து சேரவில்லை. 2022இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்ற மாநிலங்களைப் பார்க்கும்போது நாம் எவ்வளவோ மேல். ஆனாலும் பத்தில் ஒன்பது பெண்களை யாரும் பார்க்கவே இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

மனுவுக்கு முன்னால் பெண்கள் பிரிவுக்கும் போய்ப் பார்த்தோம். எங்கள் மையத்தில் கேட்டால் “அது அந்தப் பிரிவு வேலை” என்கிறார்கள். அங்கே போனால் “உங்க சென்டர்லயே பாத்துக்கச் சொல்லுங்க” என்கிறார்கள். கல்லல் பக்கத்திலிருந்து வந்த, இருபத்தேழு வயதுத் தங்கை ஒருத்தியை “முப்பது ஆகலையே, உனக்கு எதுக்கு?” என்று திருப்பி அனுப்பினார்கள். 25 வயதிலேயே பார்த்திருக்க வேண்டிய பெண் அவள். நான் போனபோது ஓ.பி. சீட்டின் மூலையில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம், “நீங்க கடைசியா வாங்க, கருவியைத் தனியா கழுவணும்” என்று உரக்கச் சொன்னார் ஒருவர். கடைசி ஆள் நானானபோது டாக்டர் அம்மா பிரசவம் பார்க்கப் போய்விட்டிருந்தார்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே வைத்துப் பார்க்கிற அந்த ஸ்பெகுலம் கருவியை யாருக்குப் பயன்படுத்தினாலும் குளோரின் கரைசலில் ஊறப்போட்டு, கழுவி, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து எடுக்க வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவான முறை. ஏனென்றால் எனக்கு முன்னால் அதே மேசையில் படுத்த பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்து அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்கு மட்டும் தனியாகக் கழுவுகிறார்கள் என்றால் மற்றவர்களுக்குச் சரியாகக் கழுவுகிறார்களா என்று காரைக்குடிச் சீமையில் ஒவ்வொரு பெண்ணும் கேட்க வேண்டும்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி மருத்துவ சேவையை மறுப்பதையும் வேறுபாடு காட்டுவதையும் அது தடுக்கிறது. ஒருவருடைய நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வதையும் தடுக்கிறது. மூலையில் போடுகிற சிவப்பு வட்டம் வெளியே சொல்வதுதான்.

எங்கள் கூலிக் கணக்கையும் சொல்ல வேண்டும். மாத்திரை நாளுக்கு முதலாளியிடம் ஏதாவது ஒரு காரணம் சொல்லி லீவு வாங்குகிறோம். தீபாவளிக்கு முந்தின மாதமும் தை, வைகாசிக் கல்யாண நாளும் எங்கள் வேலைக்கு உயிர் நாள். தேன்குழல் பிழிகிற ஆள் இல்லையென்றால் அடுத்த நாள் வேறு ஒருத்தி என் இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பரிசோதனைக்கென்று தனியாக இன்னொரு நாள், அதன் முடிவு வாங்க இன்னொரு நாள், டாக்டரைப் பார்க்க வேறொரு நாள் என்றால் பெண்கள் வர மாட்டார்கள். டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம், உண்மைதான். ஆனால் மையம் இருக்கிற ஊருக்கு எங்களில் பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் வந்துவிட முடியாது.

முடியாத காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இங்கிருந்து தூரமில்லாத திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கைப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். அந்தக் கிராமங்களில் இந்தப் புற்று புதிதாக வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தது. அதே காலத்தில் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசே இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனது. நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954லேயே அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். நாட்டிலேயே முதல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1994இல் அமைத்ததும் தமிழ்நாடுதான். இரண்டிலும் முன்னால் நின்ற மாநிலத்தில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே ஒரு வராண்டாவைக் கடக்க முடியாமல் பெண்கள் சாகிறார்கள்.

எச்.பி.வி. பரிசோதனைக்கு இயந்திரம் வேண்டுமே என்று கேட்பீர்கள். காசநோய்ச் சளியைப் பரிசோதிக்க அரசு வாங்கிப் போட்டிருக்கிற ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் வகை இயந்திரங்களிலேயே எச்.பி.வி.யும் பார்க்கலாம். அதற்குரிய கார்ட்ரிட்ஜ், சில்லு வாங்கினால் போதும். இந்தப் பரிசோதனைக்குப் பெண் தானே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், அதையும் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேசையில் படுக்கவே கூசுகிற எத்தனையோ பேருக்கு அது பெரிய ஆறுதல். தீட்டு நின்ற வயதில் அமிலம் தடவிப் பார்ப்பதில் சரியாகத் தெரியாமல் போகலாம். அந்த வயது அக்காமாருக்கு இந்தப் பரிசோதனைதான் உதவும்.

பரிசோதனை மட்டும் செய்துவிட்டு, சந்தேகம் என்றால் “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சீட்டு ரவிக்கைக்குள் வியர்வையில் நனைந்து கிழிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். திட்டு சிறியதாக இருந்தால் சூட்டுக் கருவியால் அந்த இடத்தைச் சுட்டெடுப்பது சில நிமிட வேலை, படுக்கையில் சேர வேண்டியதில்லை. பெரியதாக இருந்தால் வெட்டியெடுக்கும் சிகிச்சைக்கு நாள் குறித்து, கூட ஓர் ஆளை அனுப்ப வேண்டும். சிகிச்சைக்குப் பிறகும் எங்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 12 மாதத்தில் மறுபடியும் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 2025–26 மாநில வரவு செலவுத் திட்டத்தில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. எச்.ஐ.வி.யோடு பிறந்து இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் நமக்கு இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ ஊசி போதும். இந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பள்ளிக்கூட வரிசையில் நிற்கிற பிள்ளை, “எனக்கு இன்னும் ஒண்ணு போடணும் டீச்சர்” என்று சொல்லாது. அதை நீங்கள்தான் வேறு வழியில், யாருக்கும் தெரியாமல், எங்கள் மையத்திலேயே போட்டுவிட வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. முகாமுக்குப் போகச் சொன்ன பதிலைத் திரும்பப் பெறுங்கள். கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், காலை மாத்திரை கொடுக்கிற நேரத்திலேயே, பயிற்சி பெற்ற பெண் செவிலியரைக் கொண்டு பரிசோதனை நடத்துங்கள். அடுத்த கட்டமாக எச்.பி.வி. பரிசோதனையையும், தானே மாதிரி எடுக்கும் வசதியையும் கொண்டுவாருங்கள். 25 வயது நிரம்பிய எந்தப் பெண்ணையும் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாதென்று பெண்கள் பிரிவுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். சிவப்பு மையையும், கடைசியில் வரச் சொல்வதையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

காசநோய்க்குக் கேட்கிற நாலு கேள்வியோடு, தீட்டு இல்லாத நாளில் ரத்தம் படுகிறதா, உறவுக்குப் பிறகு படுகிறதா, தீட்டு நின்ற பிறகு பட்டதா, நாற்றத்தோடு வெள்ளை படுகிறதா என்று ஒரு பெண் ஊழியர் தனியாக வைத்துக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். கேட்பதோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆரம்ப மாற்றத்துக்கு அறிகுறியே இருக்காது என்பதால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்கிற பெண்ணையும் பார்க்க வேண்டும். எங்கள் சிகிச்சைக் கையேட்டில் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 அளவு, வைரல் லோடு எழுதுகிற பக்கத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்த தேதி, முடிவு, அடுத்த தேதி ஆகிய மூன்றையும் எழுத இடம் ஒதுக்குங்கள். மாதாந்திர அறிக்கையில் மையத்துக்கு வந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், சந்தேகம் என்று அனுப்பப்பட்டவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள். மேல்சிகிச்சைக்குப் போகிற பெண்ணோடு போக, எங்களிலேயே ஒருத்தியை நியமித்து அவளுக்குப் பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுங்கள். எச்.ஐ.வி. உள்ள பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் மையத்திலேயே போடுங்கள்.

பரிசோதனை தொடங்கும் தேதியை அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது மையத்து அறிவிப்புப் பலகையில் பார்க்க வேண்டும். தேதி இல்லையென்றால், கையெழுத்துப் போட்ட நாங்கள் எல்லாரும் சேர்ந்து, முகத்தை மூடிக்கொண்டாவது, உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருவோம்.

இப்படிக்கு,
கூட்டு மருந்து எடுத்துக்கொள்ளும் செட்டிநாட்டுப் பெண்களில் ஒருத்தி